ரிப்போர்ட்டில் ‘ஜீன் மாற்றம்’ என்றால் பரம்பரை நோய் என்று பொருளா?

தங்கச்சி, அம்மாவின் நுரையீரல் புற்றுநோய் ரிப்போர்ட்டைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் போகுமுன், கேட்காமல் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். லாரி ஓட்டும் உங்கள் தாய்மாமாவுக்கு இரண்டு மாதமாக இருமல், கடையில் வாங்கிய இருமல் மருந்தைக் குடித்துச் சமாளிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரத்தைத் தாண்டிய இருமலை மருந்துப் பாட்டிலை வைத்துக் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அது டிபியாக இருக்கலாம், சாதாரண ஆஸ்துமாவாகக்கூட இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. எதுவும் தெரியாமல் இருமலும் நிற்காமல் போனால், ‘அக்காவுக்கு நுரையீரல் புற்றுநோய்’ என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லி, சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேட்கட்டும். எக்ஸ்ரேயில் சின்னக் கட்டிகள் இதயத்துக்கும் எலும்புக்கும் பின்னால் ஒளிந்துகொள்வது உண்டு.

சரி, இப்போது உங்கள் கேள்வி. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், உங்கள் அம்மாவுக்கு 56 வயது. முப்பது வருடம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. அதில் பல வருடம் மருந்தடிப்பு. சிகரெட் தொட்டதே இல்லை. முதுகுவலி என்று போனவருக்கு நான்காம் கட்ட நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஈ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 19 டெலிஷன்’ என்று ஒரு வரி. அதைப் பார்த்த பெரியம்மா, “ஜீன் நோயாம்டி, பொம்பளப் பிள்ளைக்கும் இறங்குமாம். பேசி வச்சிருக்கிற இடத்துல மூச்சு விடாத” என்கிறார். முப்பது வருடம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சிகரெட் பிடித்த அப்பா, ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. அம்மா சுவாசித்த புகைகளையெல்லாம் வரிசையாக எழுதி, ‘அம்மாவுக்கு ஏன் வந்தது, எனக்கும் வருமா?’ என்று கேட்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நோய்க்கூற்று ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட் போன்ற ஒன்று என் மாதிரி ஆட்களின் கை வழியாகத்தான் வந்திருக்கும். நான் வளர்ந்ததும் கோலசிலாங்கூர் பக்கத்து லயத்தில்தான், அதனால் நீங்கள் சொல்லும் புகை எல்லாம் எனக்கும் பழக்கம்.

முதலில் அந்த ஒரு வரி. ஊசியால் நெஞ்சுக்குள்ளிருந்து எடுக்கும் சதை, அரிசிமணியை நீளவாக்கில் பிளந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றுகிறோம். நுண்ணோக்கியில் புற்றணுக்கள் எங்கே அதிகம் என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து டி.என்.ஏ.வை எடுத்துச் சோதிக்கிறோம். அம்மாவின் உடம்பு முழுக்க இருக்கும் மரபணுவை யாரும் அங்கே படிக்கவில்லை. கட்டியின் மரபணுவைத்தான் படித்தார்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் மாற்றம் கட்டிக்குள் இருக்கும் மாற்றம். நுரையீரலில் ஏதோ ஓர் உயிரணு, அம்மாவுக்கு இத்தனை வயதான பிறகு, தன்னைப் படியெடுக்கும்போது ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில், எக்ஸான் 19 என்ற பகுதியில், சில எழுத்துகளை விட்டுவிட்டது. ‘டெலிஷன்’ என்றால் அதுதான். அந்தப் பிழை அம்மாவின் கருமுட்டையில் இல்லை. இல்லாத ஒன்று உங்களுக்கு எப்படி இறங்கும்?

பெரியம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ‘ஜீன்’ என்ற சொல்லே நம் காதில் ‘பரம்பரை’ என்று விழுகிறது. தமிழில் ‘மரபணு’ என்று எழுதியவர்கள் அந்தக் குழப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். ரிப்போர்ட்டை நீட்டும்போது “இது பிறவியிலேயே வந்தது இல்லை” என்று யாராவது ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் உங்கள் வீட்டில் பாதி அழுகை குறைந்திருக்கும்.

பிறவியிலேயே வருவது என்று ஒன்று இல்லவே இல்லையா என்றால், உண்டு, மிகக் குறைவு. ஈ.ஜி.எஃப்.ஆரிலேயே டி790எம் என்ற ஒரு மாற்றம் சில குடும்பங்களில் தாய், பிள்ளை என்று இறங்குவதை 2005 வாக்கில் கண்டுபிடித்தார்கள். டி.பி.53 என்ற மரபணு பிறவியிலேயே பழுதாக இருந்தாலும், மற்றப் புற்றுநோய்களோடு நுரையீரல் புற்றுநோயும் இளம் வயதில் வரலாம். ஆனால் எக்ஸான் 19 டெலிஷன் அந்த வகை இல்லை. புகைக்காத ஆசியர்களின் நுரையீரல் கட்டியில் ஆகச் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டு மாற்றங்களில் அது ஒன்று.

இன்னொரு வகைப் பரம்பரையும் இருக்கிறது. அது ஒரு பெரிய பிழை இல்லை. சின்னச் சின்னச் சாய்வுகள். 2012-இல் ஆசியாவில் புகைக்காத பெண்களை மட்டும் வைத்து ஒரு பெரிய மரபணு ஆய்வு வெளியானது. நோய் வந்த 5,500 பேரையும் வராதவர்களையும் ஒப்பிட்டார்கள். 3, 5, 6, 10, 17 ஆகிய குரோமோசோம்களில் சில இடங்கள் அகப்பட்டன. 5-ஆவதில் இருக்கும் டெர்ட் என்ற மரபணு, குரோமோசோம் நுனியை எவ்வளவு நாள் தேயாமல் காப்பது என்பதைப் பார்த்துக்கொள்வது. இந்த ஒவ்வோர் இடமும் ஆபத்தைக் கொஞ்சம்தான் நகர்த்துகிறது. இதில் எனக்கு ருசியான விஷயம் வேறு: புகைப்பவர்களின் ஆய்வுகளில் எப்போதும் முன்னால் வந்து நிற்கும் 15-ஆவது குரோமோசோம் இடம் இந்தப் பெண்களிடம் வரவே இல்லை. அது, சிகரெட்டின் நிக்கோட்டின் வந்து ஒட்டும் ஏற்பிகளுக்கான இடம். புகைக்காதவர்களுக்கு வரும் நோய் ‘சிகரெட் இல்லாத அதே நோய்’ அல்ல, பல வகையில் தனி நோய் என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், பெற்றவர்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் புகைக்காத இளம் பெண்ணுக்கு அடிப்படை ஆபத்தே மிகச் சிறியது. சிறியதை இரண்டால் பெருக்கினாலும் சிறியதுதான். அந்த இரண்டு மடங்கிலும் ஒரு பங்கு மரபணு, இன்னொரு பங்கு ஒரே கூரைக்குக் கீழே ஒரே புகையைச் சுவாசித்தது. எது எவ்வளவு என்று ஒரு குடும்பத்துக்குள் பிரிக்க முடியாது.

சரி, பரம்பரை இல்லை என்றால் அந்த அணு ஏன் தவறியது? உண்மையைச் சொன்னால், பல பேருக்குத் தவறுகிறது. லண்டனில் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 295 பேரின் புற்று இல்லாத நுரையீரல் சதையைத் துருவிப் பார்த்தார்கள். 18 விழுக்காட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். புற்று மாற்றங்கள் ஏற்கெனவே இருந்தன. கேராஸ் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் 53 விழுக்காட்டில். வயதாக ஆக இவை சேர்கின்றன. கெட்ட விதை நம்மில் பல பேர் நெஞ்சில் சும்மா கிடக்கிறது.

அது ஏன் ஒருவரிடம் மட்டும் முளைக்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் மையம். பி.எம். 2.5 என்று சொல்லும் நுண்தூசி, 2.5 மைக்ரானுக்கும் சின்னது, மூச்சோடு நுரையீரலின் கடைசிக் குமிழ் வரை போகிறது. அங்கே காவல் அணுக்கள் அதை விழுங்கி, ஐ.எல்.-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞையை விடுகின்றன. பக்கத்தில் தூங்கும் பழுதான அணுக்கள் அந்தச் சத்தத்தில் விழித்துப் பெருக ஆரம்பிக்கின்றன. எலிகளில் அந்தச் சமிக்ஞையைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன. மனிதக் கணக்கிலும், நுண்தூசி அதிகமான ஊர்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். வகைப் புற்று அதிகம். மூன்று வருட அளவு தூசியே ஆபத்தை உயர்த்தப் போதும் என்று தெரிந்தது.

தோட்டத்துக்காரர்களுக்கு இது புரியும். இளங்கன்று நட்ட வயலில் லாலான் புல்லின் வேர் மண்ணுக்குள் கிடந்துகொண்டேதான் இருக்கும். மூடுபயிர் அடர்த்தியாக இருக்கிறவரை தலை தூக்காது. மூடுபயிர் செத்து வெயில் விழுந்த இடத்தில் ஒரே மாதத்தில் குத்திக்கொண்டு வரும். வெயில் லாலானைப் படைத்ததா? இல்லை. ஆனால் வெயில் இல்லாமல் அது வரவும் இல்லை.

இந்த யோசனையே புதிது இல்லை. 1940-களில் ஐசக் பெரன்பிளம் என்பவர் எலித் தோலில் புற்றூக்கியைக் கொஞ்சமாகத் தடவி விட்டுவிட்டார்; பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதன் மேல் ஒரு எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவியதும் கட்டிகள் வந்தன. அந்த எண்ணெய் எது தெரியுமா? நேர்வாளக் கொட்டை எண்ணெய். நம் நாட்டு வைத்தியர்கள் பேதிக்குக் கொடுத்து, “அளவு தப்பினால் ஆள் தப்பாது” என்று பயந்த அதே நேர்வாளம். அது தானாகப் புற்று உண்டாக்கவில்லை, எரிச்சல் மூட்டியது, அவ்வளவுதான். எழுபது எண்பது வருடம் கழித்து நுண்தூசி விஷயத்தில் அந்தப் பழைய எலித் தோல் சோதனை திரும்பவும் பேச்சுக்கு வந்தது.

2025-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு இதை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகின் 28 இடங்களிலிருந்து புகைக்காத 871 பேரின் கட்டிகளை முழு மரபணு வரை படித்தார்கள். தூசி அதிகமான இடங்களில் வாழ்ந்தவர்களின் கட்டியில் பிழைகளின் எண்ணிக்கையே அதிகம். சிகரெட் புகை மரபணுவில் விட்டுச் செல்வது போன்ற தழும்புகூடச் சிலதில் தெரிந்தது. அப்படியானால் தூசி விதையை எழுப்புவது மட்டுமில்லை, சில விதையைத் தானே போடவும் செய்கிறது. தைவான் நோயாளிகள் சிலரிடம் வேறொரு தழும்பு; அரிஸ்டலோகிக் அமிலம் என்ற, சில சீன மூலிகைகளில் இருக்கும் பொருள் விட்டுச் சென்றது. மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அதற்கு முன் 2021-இல் 232 பேரைப் படித்த குழு கட்டிகளை மூன்றாகப் பிரித்து, ‘பியானோ’, ‘மெஸோ ஃபோர்ட்டே’, ‘ஃபோர்ட்டே’ என்று சங்கீதப் பெயர் வைத்தது: மெல்ல, கொஞ்சம் உரக்க, உரக்க. மெல்லிய வகையில் பிழைகள் குறைவு, வளர்ச்சியும் பல வருடம் எடுக்கும். புகைக்காதவர்களில் அதுதான் அதிகம்.

இனி நம் ஊருக்கு வருவோம். அம்மா எந்தப் புகையை எல்லாம் சுவாசித்தார் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இல்லை.

ஜெரெபுவை, அதாவது காடும் நிலமும் எரிந்து ஊரை மூடும் புகைமூட்டத்தைத்தான், நான் முதலில் வைப்பேன். 1997, 2005, 2013, 2015, 2019 என்று அது வந்த வருடங்களை நம் வயதுக்காரர்கள் பிள்ளைகள் பிறந்த வருடம் போலச் சொல்வோம். 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்றுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். அந்த வாரம் ஊரில் இருந்தவர்களுக்கு, காலை பத்து மணிக்கு லாரி விளக்குப் போட்டு வந்தது ஞாபகம் இருக்கும். பெர்ஜுந்தைக்காரர்களுக்குச் சுமத்ரா வரை போகவும் வேண்டாம். பக்கத்திலேயே ராஜா மூசா காட்டின் கரிச்சதுப்பு நிலம் இருக்கிறது. வறட்சியில் தீப்பிடித்தால் நிலம் மேலே எரியாது, உள்ளுக்குள் வாரக்கணக்கில் புகையும். வெளிக்காற்று மாசைப் புற்றுநோய்க்கான உறுதியான காரணிகளின் முதல் வகுப்பில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்தது 2013-இல். டீசல் புகையை அதற்கு ஒரு வருடம் முன்பே சேர்த்துவிட்டது. மாமா லாரிக்காரர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நீங்கள் கேட்கவே இல்லாத ஒன்று: கொசுவத்தி. லயத்து வீட்டில் இரவு ஏழு மணிக்குப் பச்சைச் சுருளைத் தகரத் தாங்கியில் குத்தி, கட்டிலுக்குக் கீழே தள்ளி, ஜன்னலைச் சாத்துவோம். காலையில் சிமெண்டுத் தரையில் சாம்பல் வளையம் வட்டமாகப் படுத்திருக்கும். அதை விளக்குமாற்றால் தள்ளுவது சின்ன வயதில் என் வேலை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்து அளந்தது. ஒரு சுருள் வெளியிட்ட நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் வெளியிடுவதற்குச் சமம். இது தூசியின் எடைக் கணக்கு. ஒரு சுருள் நூறு சிகரெட் அளவு புற்று உண்டாக்கும் என்று அர்த்தம் இல்லை. தைவானில் ஓர் ஆய்வு, சுருள் அதிகம் கொளுத்தும் வீடுகளில் நுரையீரல் புற்றை அதிகமாகக் கண்டது. அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கொசுவலை கட்டுவதற்கு யாருடைய தீர்ப்பும் வேண்டாமே. டெங்கியும் நம் ஊரில் இருப்பதால் கொசுவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். சாத்திய அறையில் தலைமாட்டில் சுருள் வேண்டாம்.

விறகடுப்பு. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் ரப்பர் விறகில்தான் சமையல் என்று எழுதியிருக்கிறீர்கள். நிலக்கரி அடுப்புப் புகை முதல் வகுப்பு. விறகுப் புகை அதற்கு அடுத்த, ‘அநேகமாக’ என்னும் வகுப்பு. இதில் உலகம் நிறையக் கற்றுக்கொண்டது சீனாவின் யுன்னான் மாநிலத்தில் ஷுவான்வேய் என்ற இடத்தில். அங்கே ஆண்கள் புகைப்பார்கள், பெண்கள் அநேகமாகத் தொடமாட்டார்கள். ஆனாலும் இருவருக்கும் நுரையீரல் புற்று ஏறத்தாழ ஒரே அளவு. வீட்டுக்குள் குழியில் எரித்த புகைக்கரி பெண்களைச் சிகரெட் இல்லாமலே பிடித்தது. அடுப்புக்குப் புகைபோக்கி வைத்த வீடுகளில், வருடங்கள் கழித்து, நோய் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஒரு தகரக் குழாய் செய்த வேலை அது. மிகச் சூடான எண்ணெயில் பொரிக்கும் புகையும் ‘அநேகமாக’ வகுப்பில் இருக்கிறது. அந்த ஆதாரம் பெரும்பாலும் சீனச் சமையல்கட்டில் எடுத்தது. நம் தாளிப்பு ஒரு நிமிட வேலை, அதற்கு இவ்வளவு பயம் வேண்டாம். ஒட்டுக்கடையில் நாள் முழுக்கப் பொரிப்பவர்கள் காற்றோட்டத்தைக் கவனிக்க வேண்டும்.

மருந்தடிப்பைப் பற்றித்தான் நீங்கள் ஆத்திரமாக எழுதியிருக்கிறீர்கள், நியாயம்தான். முகமூடி இல்லாமல், முதுகில் தோம்பு கசிந்து, பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்த பெண்கள் தலைமுறை அது. நகம் உதிர்ந்து, மூக்கில் ரத்தம் வந்து, கண் எரிந்து வேலை செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் அதை 2002-இல் நிறுத்துவதாகச் சொல்லி, 2006-இல் மனம் மாறி, 2020 ஜனவரி 1-இல்தான் முழுதாகத் தடை செய்தார்கள். அது உடலுக்குள் போனால் நுரையீரலைத் தழும்பாக்கிக் கொல்லும் நஞ்சு. ஆனால் நுரையீரல் புற்றை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. ஆத்திரத்துக்கு ஆதாரம் தேவையில்லை. காரணம் என்று சொல்லத் தேவை. உங்கள் பாட்டி காலத்துக் கதை வேறு. ரப்பர் தோட்டங்களில் லாலானை ஒழிக்க அன்று ஆர்செனிக் உப்பைக் கரைத்து அடித்தார்கள். ஆர்செனிக் முதல் வகுப்புக் காரணி, நுரையீரல் புற்றுக்கும் சேர்த்து.

ரப்பர் சீட்டு உலர்த்தும் ஸ்மோக் ஹவுஸ் புகையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விறகுப் புகைதான் அது, அதே கணக்குத்தான். ‘ரப்பர் தொழில் முதல் வகுப்புக் காரணி’ என்று எங்கேயாவது படித்தால், அது டயர் மாதிரிப் பொருள் செய்யும் தொழிற்சாலைகளைப் பற்றியது. பால்வெட்டைப் பற்றியது இல்லை. அப்புறம் சாம்பிராணி, ஊதுவத்தி: சிங்கப்பூரில் 61,000-க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல வருடம் தொடர்ந்த ஆய்வு 2008-இல் வெளியானது. நீண்ட நாள் ஊதுவத்திப் புகை மூக்கு, தொண்டைப் பக்கத்துச் சில புற்றுகளோடு சேர்ந்து வந்தது. நுரையீரல் புற்றோடு மொத்தத்தில் சேரவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அம்மாவின் கணக்கில் எழுத வேண்டாம்.

மண்ணிலிருந்து கசியும் ராடான் என்ற கதிரியக்க வாயுவை வெளிநாட்டுப் பக்கங்கள் சிகரெட்டுக்கு அடுத்த காரணம் என்று பெரிதாக எழுதும். குளிருக்காக அடைத்த வீட்டிலும் நிலவறையிலும் அது தேங்கும். நம் பலகை ஜன்னல் வீட்டில் காற்று நாள் முழுக்க ஓடுகிறது. பழைய ஈயக்குட்டை மணலில் அமாங் என்னும் கனிமக் கழிவு இருக்கும், அதில் கதிரியக்கத் தோரியம் உண்டு என்பது உண்மை. அமாங் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அது பேச வேண்டிய விஷயம், குட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்ததற்காக நான் தூக்கம் கெட மாட்டேன். அஸ்பெஸ்டாஸ் கூரை உடையாமல் இருக்கிறவரை விடுங்கள். பழையதைப் பிரிக்கும்போது மட்டும் வீட்டு ஆட்களே அடித்து உடைக்கக் கூடாது.

பழைய டிபித் தழும்பும் ஒரு காரணி. அம்மாவுக்குச் சின்ன வயதில் டிபி வந்ததா என்று பாட்டியிடம் கேளுங்கள்; தோட்டத்து டிரஸ்ஸர் ஊசி போட்டது யாருக்காவது ஞாபகம் இருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும், உங்கள் அம்மாவுக்கு ‘இதனால்தான்’ என்று ஒரு விரலை நீட்ட யாராலும் முடியாது. வாழ்நாளில் நூறு சிகரெட் கூடப் பிடிக்காதவரைத்தான் ‘புகைக்காதவர்’ என்று ஆய்வுகள் எண்ணுகின்றன. உலகில் நுரையீரல் புற்று வருபவர்களில் அப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவரிலிருந்து நான்கில் ஒருவர் வரை. ஆசியப் பெண்களிடம் பங்கு இன்னும் அதிகம். மலேசியப் பெண்களில் 2019 கணக்குப்படி புகைப்பவர்கள் 1.2 விழுக்காடுதான். அப்படியிருந்தும் நெஞ்சு வார்டில் பெண்கள் படுக்கை காலியாக இருப்பதில்லை.

அந்த ஒரு வரியில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. 2004-இல் பாஸ்டனில் இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தபோதே, அது இருப்பவர்களுக்குக் குறிப்பிட்ட மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றும் தெரிந்துவிட்டது. 2009-இல் ஆசிய நோயாளிகளிடம் அதை உறுதி செய்தார்கள். நம் பக்கம் அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்று வகை உள்ள நோயாளிகளில் பத்தில் நான்கு பேருக்கு இந்த மாற்றம் இருக்கும். வெள்ளையர்களில் ஒன்றோ ஒன்றரையோதான். எக்ஸான் 19 டெலிஷன், மாத்திரைக்கு நன்றாக இணங்கும் வகை. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், ஆஃபாட்டினிப், ஓசிமெர்ட்டினிப் என்று நாலைந்து உண்டு. விலையும் கிடைப்பதும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். அம்மாவுக்கு எது, அரசாங்கத்தில் எது கிடைக்கும், மருந்து வேலை செய்யாமல் போனால் மறுபடி சோதிப்பார்களா என்ற மூன்றையும் எழுதி எடுத்துப் போய்க் கேளுங்கள். நான்காம் கட்டத்தை இது முழுதாகக் குணமாக்காது. மூச்சுத்திணறலோடு தள்ளுவண்டியில் வந்தவர் இரண்டு மாதத்தில் கோயில் அன்னதானத்தில் இலை போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, பல பேருக்கு ஆகிறது.

உங்களுக்கு இப்போது ஸ்கேன் தேவையா? 27 வயதில் தேவையில்லை. தைவானில் 2015 முதல் 2019 வரை, புகைக்காத, ஆனால் ஏதாவது ஓர் ஆபத்து உள்ள 12,011 பேரைக் குறைந்த கதிர் சி.டி.யில் பார்த்தார்கள். 2.6 விழுக்காட்டினருக்குப் புற்று கிடைத்தது. குடும்பத்தில் நோய் இருந்தவர்களில் 3.3. பெரும்பாலானவை ஆரம்ப நிலை. அதனால் 2022 ஜூலையிலிருந்து அந்த நாடு, நெருங்கிய சொந்தத்தில் நோய் உள்ள பெண்களுக்கு 45 வயதிலிருந்து இலவச ஸ்கேன் தொடங்கியது. மற்ற நாடுகள் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது: பியானோ மாதிரி மெல்ல வளரும் கட்டியை எல்லாம் தேடி எடுத்து அறுத்தால், வாழ்நாளில் தொந்தரவே தந்திருக்காத ஒன்றுக்காக நுரையீரலில் ஒரு பகுதியை இழப்பவர்களும் இருப்பார்கள். நீங்கள் நாற்பதைத் தாண்டும்போது டாக்டரிடம் இந்தப் பேச்சை எடுங்கள். அதுவரை இருமல் நீடித்தால் அலட்சியம் வேண்டாம், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா என்பது மருத்துவக் கேள்வி இல்லை, இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். மறைக்க இதில் ஒன்றும் இல்லை. அம்மாவின் கட்டியில் இருக்கும் மாற்றம் உங்கள் ரத்தத்தில் இல்லை. யாராவது ‘ஜீன் நோய்’ என்று இழுத்தால், கட்டியில் எடுத்த சதையைச் சோதித்த ரிப்போர்ட் இது என்று காட்டுங்கள். மாதிரி எங்கிருந்து எடுத்தது என்று மேலேயே எழுதியிருக்கும்.

அப்புறம் அப்பா. அடுத்தவர் புகை ஆபத்து என்பதை 1981-இலேயே ஜப்பானில் ஹிரயாமா சொல்லிவிட்டார், புகைக்காத 91,540 மனைவிமாரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து. புகைப்பவரோடு வாழ்பவருக்கு ஆபத்து 20 முதல் 30 விழுக்காடு கூடுகிறது என்பது இன்றைய கணக்கு. பொய் சொல்லி அவரைத் தேற்ற நான் சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைத் திருப்பியும் பாருங்கள்: அவர் புகைத்தே இருக்காவிட்டாலும் அம்மாவுக்கு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 871 பேரைப் படித்த ஆய்விலும் அடுத்தவர் புகையின் தழும்பு மிக மங்கலாகத்தான் தெரிந்தது. அவரும் பெரும்பாலும் வாசலில், காற்றில் உட்கார்ந்துதான் பிடித்தார் என்கிறீர்கள்.

அவரிடம் பேச்சை எடுக்க ஒரு வழி உண்டு. 61 வயது, நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் முப்பது வருடம், விட்டு நான்கே வருடம். அமெரிக்க விதிப்படி 50 முதல் 80 வயது, இருபது ‘பாக்கெட்-வருடம்’ (நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் இருபது வருடம்), விட்டுப் பதினைந்து வருடத்துக்குள் என்றால் ஆண்டுதோறும் குறைந்த கதிர் சி.டி. எடுக்க வேண்டும். அவர் மூன்றிலும் பொருந்துகிறார். உங்கள் வீட்டில் இன்று ஆபத்து அதிகமாக இருப்பது உங்களுக்கு இல்லை, அவருக்கு. அம்மாவின் அடுத்த அப்பாயின்ட்மென்ட் நாளில் அவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவருக்கு ஸ்கேன் எங்கே எடுக்கலாம் என்று அதே டாக்டரிடம் கேட்டுவிடலாம்.